வாய் திறக்காதவன்: மதுரையை வைத்து வங்கிக் கொள்ளைக் கதை எழுத வருபவர்களுக்கு

வங்கிக் கொள்ளை, கூட்டாளிகளின் விசுவாசம், நடுவில் எதிர்பாராமல் வந்து சேரும் ஒரு காதல் என்று நெடுங்கதையோ திரைக்கதையோ எழுத விரும்பும் இளைஞர்கள் மதுரையில் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தங்கள் கைப்பிரதியை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதுண்டு. பெரும்பாலான பிரதிகள் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. முகத்தை மூடிய நான்கு பேர் காலை பத்தரை மணிக்கு உள்ளே நுழைகிறார்கள், காவலாளி கீழே விழுகிறார், பைகள் நிரம்புகின்றன, வண்டி பறக்கிறது. நாற்பது பக்கம் தாண்டிய பிறகும் அந்த நான்கு பேர் யார் என்பது எனக்குத் தெரிவதில்லை.

என் முதல் பிரதியும் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த, குற்றப்பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். காவல்துறை நடைமுறையில் பிழை இருந்தால் சொல்வார் என்பதே என் எதிர்பார்ப்பு. ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவர் நடைமுறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தம்பி, இதுல யாரும் யாருக்கும் கடன்படவே இல்லையே. பெறகு எதுக்கு இவன் அவனுக்காக உள்ள போறான்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கதையை முதலிலிருந்து எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டவற்றை, புதிதாக எழுத வருபவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே சொல்கிறேன்.

முதலில் நோட்டு, பிறகு கதை

மதுரைப் பக்கத்து ஊர்களில் காதணி விழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனவர்களுக்கு அந்த மேசை தெரிந்திருக்கும். பந்தலின் ஓரத்தில் ஒருவர் நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ஊர், பெயர், தொகை என்று எழுதிக்கொண்டே இருப்பார். அந்த மொய் நோட்டை வீட்டில் பத்திரம் போலப் பாதுகாப்பார்கள். இருபது ஆண்டுகள் கழித்து எதிர்வீட்டில் விசேஷம் வரும்போது அதைப் புரட்டிப் பார்த்து, அன்று வந்ததைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். இதற்குச் செய்முறை என்று பெயர். செய்யாமல் விட்டவன் பணத்தோடு பேரையும் சேர்த்து இழக்கிறான்.

உங்கள் கொள்ளையர்களுக்கு அப்படி ஒரு நோட்டுப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் வேலை. கதையில் ஒரு வரி எழுதுவதற்கு முன், ஒரு தாளில் ஒவ்வொருவனுடைய பெயரையும் எழுதி, அவனுக்கு யார் என்ன செய்தார்கள், அவன் யாருக்கு என்ன திருப்பவில்லை என்று எழுதுங்கள். தொகைகளை மட்டும் எழுதினால் போதாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு முழுதும் வெளியே உட்கார்ந்திருந்தவன் யார், தங்கை கல்யாணத்துக்கு ஆட்டோவை அடகு வைத்தவன் யார், அடி வாங்கும்போது பெயரைச் சொல்லாதவன் யார் என்பவையெல்லாம் அந்த நோட்டில் ஏற வேண்டும்.

என் கதையில் மூத்தவன், இளையவன் என்று இருவர் முக்கியமானவர்கள். மதுரை நகருக்குள் இருக்கும் செல்லூரில் ஒரே வளவில் வளர்ந்தவர்கள். இளையவனுக்குப் பதினேழு வயது இருக்கும்போது அவன் செய்த ஒரு திருட்டை மூத்தவன் தன் மேல் போட்டுக்கொண்டு, அரசரடி மத்திய சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு வந்திருக்கிறான். வெளியே வந்த பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவன் பேசாமல் இருப்பதுதான் இளையவனை அதிகமாகக் கட்டிப்போடுகிறது. இந்த ஒரு வரியை நோட்டில் எழுதிய பிறகுதான், 'இவன் ஏன் கொள்ளைக்குப் போகச் சம்மதிக்கிறான்' என்ற கேள்விக்கு வசனமே தேவையில்லாமல் போயிற்று. மூத்தவன் டீக்கடையில் "ஒரு வேலை இருக்கு" என்கிறான், இளையவன் கிளாஸைக் கீழே வைக்கிறான், அவ்வளவுதான்.

பணத்தாசை மட்டுமே காரணமாக இருக்கும் கூட்டத்தில் விசுவாசம் என்ற சொல்லுக்கு இடமில்லை. பங்கு பிரித்ததும் அந்த உறவு முடிந்துவிடும். திருப்பித் தர முடியாத ஒரு கடனாவது நோட்டில் இருந்தால்தான் கதைக்கு இழுவிசை கிடைக்கும்.

ஆண்டும் பணமும்

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை இரண்டாவதாக முடிவு செய்யுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கோடி ரூபாயை ஒருவன் தோள்பையில் போட்டுக்கொண்டு ஓடுவதாக எழுதுவது எளிது. ஐநூறு ரூபாய்த் தாளில் ஒரு கோடி என்றால் 20,000 தாள்கள், நூறு தாள் கொண்ட கட்டாக 200 கட்டுகள். ஒரு தாளின் எடை ஒரு கிராமுக்குச் சற்று அதிகம். ஆகவே இருபது கிலோவுக்கு மேல் சுமை, கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பம். ஆயிரம் ரூபாய்த் தாள் புழக்கத்தில் இருந்த காலத்தில் அதே தொகை பாதித் தாள்களில் அடங்கிவிடும். கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தவன் எழுதியதா, சும்மா எழுதியதா என்பது இந்த இடத்தில் வாசகருக்குத் தெரிந்துவிடும்.

2016 நவம்பர் 8 என்ற நாளையும் மறந்துவிடாதீர்கள். அன்று இரவோடு பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாதவை ஆயின. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் சேலத்திலிருந்து சென்னைக்குப் போன ரயிலின் கூரையில் துளையிட்டு, ரிசர்வ் வங்கிக்குச் சென்றுகொண்டிருந்த 5.78 கோடி ரூபாயைக் கொள்ளையடித்தார்கள். மூன்றே மாதத்தில் அந்தத் தாள்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கதாசிரியன் கற்பனை செய்தால் 'வசதிக்காகச் செய்தது' என்று தள்ளிவிடக்கூடிய திருப்பம் அது, ஆனால் உண்மையில் நடந்தது.

நான் 2012ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன். கைப்பேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட, ஆனால் ஒவ்வொரு தெருமுனையிலும் கண்காணிப்புக் கேமரா வந்துவிடாத காலம் அது. கொள்ளையர்கள் இன்னும் கொஞ்சம் மறைந்து வாழ முடிந்த காலம் எனக்குத் தேவைப்பட்டது.

எந்த வங்கி, யாருடைய பொருள்

நம் பக்கத்தில் கொள்ளைக் கதை எழுதுபவர்கள் பணத்தைவிட நகையைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். உசிலம்பட்டிச் சாலையில் உள்ள ஒரு சிறிய கிளையை எடுத்துக்கொண்டால், அதன் பெட்டக அறையில் ரொக்கத்தைவிட மதிப்பு மிகுந்தது நகைக்கடனுக்கு ஈடாக வந்த தங்கமாகத்தான் இருக்கும். விதைப்புக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பெண்கள் கழற்றிக் கொடுத்த நகைகள் அவை.

ஒருநாள் காலை அப்படிப்பட்ட கிளை ஒன்றில் போய் இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். நகை மதிப்பீட்டாளர் ஒரு தோட்டை வாங்கி உரைகல்லில் இழுக்கிறார், அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுகிறார், கோடு அழிகிறதா நிற்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு நிகர எடையைச் சொல்கிறார். எதிரே நிற்கும் பெண் எடையைக் கேட்கும்போது முகம் சுருங்குகிறது, ஏனென்றால் அவள் மனத்தில் வைத்திருந்த பவுன் கணக்கு வேறு. தாலிச்செயினைக் கழற்ற வேண்டியிருந்தால் தாலியை மட்டும் உருவி முன்பே மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு வந்திருப்பாள். நகை கடன் எண் எழுதிய உறைக்குள் போகிறது. பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள், இரண்டு அலுவலர்களிடம். ஒருவர் மட்டும் இருந்தால் அது திறக்காது.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரொக்கத்தைக் கொள்ளையடித்தால் வாசகர் 'வங்கிப் பணம்தானே' என்று கொள்ளையர் பக்கம் சாய்ந்துவிடுவார். நகையைக் கொள்ளையடித்தால் மறுநாள் காலையில் ரசீதோடு வங்கி வாசலில் நிற்கும் கூட்டத்தையும் நீங்கள் எழுதியாக வேண்டும். எடைக்கும் தரத்துக்கும் வங்கி ஈடு கொடுக்கும். ஆனால் அம்மா காதில் கிடந்த தோட்டை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. என் கதை உண்மையில் அந்த வாசலில்தான் தொடங்கியது என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

கொள்ளை நடக்கும் காட்சியைச் சுருக்கமாக எழுதுங்கள். எந்தக் கருவியால் எதை அறுத்தார்கள் என்று விவரிப்பதில் சிலருக்குத் தனி ஆர்வம் இருக்கிறது. அது கதைக்கும் உதவாது, எழுதத் தகுந்ததும் அல்ல. உள்ளே இருந்த ஒருவரின் காதால் அந்தக் காட்சியைக் கேளுங்கள். ஷட்டர் இறங்கும் சத்தம், யாரோ ஒருவருடைய கைப்பேசி விடாமல் அடிப்பது, முகமூடிக்குள்ளிருந்து வரும் ஒரே ஒரு குரல். எனக்கு அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது.

அவள்

கொள்ளையனுக்கும் வங்கியில் இருந்த பெண்ணுக்கும் காதல் என்றதும் பலர் பிணைக்கைதிக் கதையை எடுத்துக்கொள்கிறார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு வங்கிக்குள் ஆறு நாட்கள் அடைபட்டுக் கிடந்த நான்கு ஊழியர்கள், தங்களைப் பிடித்து வைத்தவன் மேல் பரிவு கொண்டார்கள் என்று உலகமே பேசியது. அந்த நகரத்தின் பெயரே ஒரு மனநிலைக்குப் பெயராகிவிட்டது. ஆனால் அது உயிரச்சத்தில் பிறக்கும் ஒரு பிணைப்பு. அதைக் காதல் என்று எழுதுவது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். மிரட்டியவன் யாரென்று தெரிந்தே, மிரட்டிய கையை அவள் விரும்பினாள் என்று எழுதாதீர்கள்.

அவளுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். அவளுக்கு வீட்டில் என்ன பொறுப்பு, கிளையில் அவள் பேச்சுக்கு என்ன மதிப்பு, அந்த இரண்டு சாவிகளில் ஒன்று அவளிடம் இருந்ததா, அதைக் கொடுத்ததற்காக அவளை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். கொள்ளை நடந்த பிறகு உள்ளே இருந்தவர்கள் எல்லாரையும் காவல்துறை சந்தேகத்தோடுதான் விசாரிக்கும். உள்ளாள் இல்லாமல் இது நடக்காது என்பது முதல் ஊகமாக இருக்கும். அந்த ஊகம் சரியாகவே முடிந்த வழக்குகளும் உண்டு. ஆகவே அவள் ஒரே நேரத்தில் சாட்சியாகவும் சந்தேகத்துக்கு உரியவளாகவும் நிற்கிறாள்.

அடுத்த கேள்வி, அவர்கள் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பது. வண்டி பழுதாகி நிற்கும் இடத்தில் அவன் வந்து உதவுவதாக எழுதப்பட்ட ஏழெட்டுப் பிரதிகளை நான் படித்திருக்கிறேன். சந்திப்புக்கான காரணம் கொள்ளையின் உள்ளேயிருந்தே வர வேண்டும். என் கதையில், எடுத்துவந்த உறைகளைப் பிரிக்கும்போது இளையவன் ஒரு பெயரைப் பார்க்கிறான். அது அவனை வளர்த்த அத்தையின் பெயர். மறுநாள் ரசீதோடு வங்கிக்குப் போகக் கிளம்பும் அத்தை, துணைக்கு அவனைத்தான் கூப்பிடுகிறாள். போக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

அங்கே மேசைக்குப் பின்னால் அவள் இருக்கிறாள். முந்தின நாள் முகமூடிக்குள்ளிருந்து அவளிடம் பேசியவன் இவன் ஒருவன்தான். ஆகையால் அவள் முன்னால் அவன் வாய் திறக்க முடியாது. அந்தக் காட்சியை இப்படி எழுதினேன்:

"அத்தைக்கு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தாள். 'எத்தனை பவுன்மா?' என்றாள். 'பவுன் கெடக்குது தாயி. எங்க ஆத்தா போட்டிருந்த தோடு அது' என்றாள் அத்தை. அவள் எழுதுவதை நிறுத்தினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்து, 'நீங்க மகனா?' என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையசைத்தான். 'பேச மாட்டாங்களா?' 'இவன் எப்பவும் இப்படித்தான் தாயி, வாயில கொழுக்கட்டைய வச்சவன் மாதிரி நிப்பான்' என்றாள் அத்தை. ரசீதை அவன் பக்கம் நீட்டியபோது அவள் விரல் நடுங்கியது. நேற்றிலிருந்து நிற்காத நடுக்கம் அது என்பது அவனுக்கு மட்டும் தெரியும்."

அத்தையின் பொருட்டு அவன் நான்கைந்து முறை போக வேண்டியிருக்கிறது. சுற்றிலும் எல்லாரும் கேள்வி மட்டுமே கேட்கும் நாட்களில், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கும் ஒருவன் அவளுக்கு ஆறுதலாகிறான். மதுரையில் ஓர் ஆணும் பெண்ணும் பிறர் கண்ணில் படாமல் உட்கார்ந்து பேச அதிக இடங்கள் இல்லை. நான் அவர்களை தமுக்கம் பக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், சுடப்பட்ட நாளன்று காந்தி உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எல்லாரும் தாமாகவே மௌனமாகிவிடுவார்கள். அவன் பேசாமல் இருப்பது அங்கே வித்தியாசமாகத் தெரியாது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்காதீர்கள், உங்கள் பாத்திரத்தின் சிக்கலுக்கு அந்த இடம் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

சட்டம் கதைக்குள் எங்கே வருகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் விசுவாசமும் காதலும் உண்மையில் முட்டிக்கொள்ளும் இடங்கள் சட்டத்துக்குள்தான் இருக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. குற்றம் அதற்கு முன் நடந்ததாக எழுதினால் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளையே எழுத வேண்டும். கூட்டுக்கொள்ளைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு பழைய சட்டத்தில் 395, புதிய சட்டத்தில் 310. இரண்டிலும் ஆள் கணக்கு ஒன்றுதான்: ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை, தண்டனை ஆயுள் வரை போகலாம். உள்ளே போனவர்களை மட்டும் எண்ண மாட்டார்கள், உடனிருந்து உதவியவர்களும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். நான்கு பேர் உள்ளே இருக்க, வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, விஷயம் தெரிந்த ஒரு சின்னப் பையனை மூத்தவன் அழைத்து வந்தான் என்றால், அந்தப் பையனால் எல்லாருடைய தலையெழுத்தும் மாறுகிறது. ஐந்தாவது ஆள் யார் என்று முடிவு செய்வது வெறும் எண்ணிக்கை வேலை அல்ல.

காவல் நிலையத்தில் ஒருவன் ஒத்துக்கொண்டதும் வழக்கு முடிந்துவிட்டதாக எழுதாதீர்கள். காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சான்றாகும். அதனால்தான் விசாரணையில் எல்லாம் 'நகை எங்கே' என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது, வாய் திறக்காதவன் என்ற பட்டத்துக்கும் அதனால்தான் அவ்வளவு மதிப்பு.

அப்ரூவர் ஆவது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். குற்றத்தில் பங்குகொண்ட ஒருவன் தனக்குத் தெரிந்தது முழுவதையும் உண்மையாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டால், நீதித்துறை நடுவர் அவனுக்கு மன்னிப்பு வழங்க முன்வரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 306. பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஏற்கெனவே ஜாமீனில் இல்லாவிட்டால், நீதிமன்ற விசாரணை முடியும் வரை அப்ரூவரும் காவலில்தான் இருக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவன் மறுநாள் வெளியே வந்து ஜிகர்தண்டா குடிப்பதாக எழுதுவது தவறு. அவன் உள்ளேயே, ஓர் அறையில் நாட்களைக் கழிக்கிறான். ஒரு நல்ல எழுத்தாளருக்கு அந்த அறை ஒன்றே ஒரு முழு அத்தியாயம்.

இனி அடையாள அணிவகுப்பு. நடுவரின் முன்னிலையில், பெரும்பாலும் சிறைக்குள், ஒத்த தோற்றமுள்ள பலரோடு சந்தேக நபரையும் நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். குற்றத்துக்குப் பிறகு, அணிவகுப்புக்கு முன்பே சாட்சி அவனைப் பார்த்திருந்தார் என்றால் அந்த அடையாளத்துக்கு மதிப்பில்லாமல் போகும். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதுதான். முகம் மூடியிருந்தவனைக் குரலை மட்டும் வைத்துச் சொல்வதையும் நீதிமன்றம் மிகுந்த எச்சரிக்கையோடுதான் ஏற்கும். இப்போது என் கதையை எண்ணிப் பாருங்கள். அவள் அவனோடு பழகிய ஒவ்வொரு நாளும் அவனுக்கு எதிரான அவளுடைய சாட்சியம் தேய்ந்துகொண்டே போகிறது. இளையவன் எங்கே போய்வருகிறான் என்பதை மூத்தவன் கண்டுபிடிக்கிறான். கோபப்படுவான் என்று இளையவன் பயந்து நிற்கும்போது, "போய்ட்டு வா. தெனமும் போ. நல்லதுதான்" என்கிறான். அந்தச் சொல்லோடு இளையவனுடைய காதல், அவனறியாமலே, கூட்டத்துக்குச் செய்யும் வேலையாக மாறிவிடுகிறது. இந்த முடிச்சு எனக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. கற்பனையில் ஓராண்டு தேடியும் கிடைக்கவில்லை.

ஊர்

மதுரை என்றால் அரிவாள் என்று எழுதிப் பழகிவிட்டார்கள். அதை நீங்கள் தொடர வேண்டாம்.

இந்த மண்ணில் திருடன் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலை செய்யப்பட வேண்டியவன் போலத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன், கள்வர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டையும் துணையாகக் கொண்டு திரிபவர்கள் என்று விரித்துச் சொல்கிறான். கள்வர் என்றாலே இப்படித்தான் என்ற அந்தப் பொதுப்பேச்சு, களவே செய்யாத ஒருவனின் உயிரை எடுத்தது. பின்னால் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற பெயரில் அதே பேச்சைச் சட்டமாக்கியது. பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களில் பிறந்தவர்களையே குற்றவாளிகளாகப் பதிந்து, ரேகை வைக்கச் சொன்னது. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஆகவே உங்கள் கொள்ளையனுக்குச் சாதியால் ஒரு காரணம் கற்பிக்காதீர்கள். அவன் நோட்டில் உள்ள கடன்கள்தான் அவனுக்குக் காரணம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனம் இல்லை.

தெருக்களைப் பொறுத்தவரை, நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடும் நாளில் அங்கே ஒரு மிதிவண்டி கூட நுழையாது. பலர் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கொள்ளையை வைக்கிறார்கள், கூடவே 'வங்கிக்கு விடுமுறை' என்றும் எழுதிவிடுகிறார்கள். ஆட்சியர் அன்று அறிவிப்பது உள்ளூர் விடுமுறை. அது வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதல்ல, எனவே அதனால் மட்டும் வங்கி மூடியிருக்க வேண்டியதில்லை. ஊரே ஆற்றங்கரையில் இருக்கும்போது திறந்திருக்கும் ஒரு கிளையை எண்ணிப் பாருங்கள், காட்சி தானாக வரும்.

மாநகர எல்லைக்குள் நடந்தால் காவல் ஆணையரின் கீழ் உள்ளவர்கள் வருவார்கள், வெளியே நடந்தால் மாவட்டக் கண்காணிப்பாளரின் கீழ் உள்ளவர்கள் வருவார்கள். உசிலம்பட்டிச் சாலையில் நடந்த கொள்ளைக்குச் செல்லூர் இன்ஸ்பெக்டர் விசாரணை நடத்துவதாக எழுதிவிடாதீர்கள்.

பேச்சு

எழுத்துநடை எப்படியும் இருக்கட்டும், பேச்சு மட்டும் இந்த ஊர்ப் பேச்சாக இருக்க வேண்டும். இங்கே வந்தார்கள் என்பது 'வந்தாய்ங்க', அவர்கள் என்பது 'அவய்ங்க', இந்தப் பக்கம் என்பது 'இங்கிட்டு'. ஆனால் வரிக்கு வரி இதைத் தூவினால் நாடகமாகிவிடும். கூட்டாளிகள் ஒருவரையொருவர் மாப்ள, பங்காளி என்று அழைப்பதில் முறை இருக்கிறது. மாப்ள என்பவனிடம் கேலி பேசலாம், பங்காளி என்பவனோடு பங்குப் பேச்சும் பகையும் சேர்ந்தே வரும். மூத்தவனை இளையவன் 'அண்ணே' என்று மட்டும் அழைக்க வைத்தேன். கதையில் ஒரே ஓர் இடத்தில் அந்த அண்ணே வராமல் போகும், அப்போது மூத்தவன் திரும்பிப் பார்ப்பான். வங்கிப் பெண் இளையவனிடம் கடைசி வரை 'நீங்க' என்றே பேசுகிறாள்.

எழுதும் வரிசையும் கடைசிப் பக்கமும்

முதலில் நோட்டை எழுதுங்கள். அடுத்து, கொள்ளைக்கு மறுநாள் காலையை எழுதுங்கள். கொள்ளையை மூன்றாவதாக எழுதினால் போதும், அப்போது அதில் எதைக் காட்ட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நடுப்பகுதி தடுமாறும்போதெல்லாம் நோட்டைத் திறந்து, இதுவரை தீர்க்கப்படாத பாக்கி எது என்று பாருங்கள். அடுத்த காட்சி அங்கேதான் இருக்கும். பிரதி முடிந்ததும் சத்தமாக வாசித்துக் காட்ட ஒருவரைத் தேடுங்கள். அவர் எழுத்தாளராக இல்லாமல் இருந்தால் நல்லது.

முடிவை முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள், நோட்டில் இருந்து எடுங்கள். எனக்கு அது மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. இளையவன் மூத்தவனுக்கு மூன்று ஆண்டுகள் கடன்பட்டவன், அதை வாய் திறக்காமல் இருந்துதான் அடைக்க முடியும். அவளுக்கு அவன் பட்டிருக்கும் கடனையோ வாய் திறந்துதான் அடைக்க முடியும். மூத்தவன் பிடிபட்டு, அரசரடிச் சிறையில் அணிவகுப்பு நடக்கவிருக்கும் நாளுக்கு முந்தின மாலை, அருங்காட்சியகத்தின் வேப்பமரத்தடியில் அவள் அழுதுகொண்டு நிற்கிறாள். நாளைக்கு அந்த வரிசையின் முன் போய் நிற்கப் பயமாக இருக்கிறது என்கிறாள். அவன் முகமூடி இல்லாமல் முதல்முறையாக அவளிடம் பேசுகிறான். முகமூடிக்குள்ளிருந்து அன்று சொன்ன அதே வார்த்தைகள்: "பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது."

அவள் அழுகையை நிறுத்துகிறாள். கை தானாக இடுப்பில் சாவி இருந்த இடத்துக்குப் போகிறது.